சாமிக்கல்லடியில் குளிர்

எங்கள் ஊரில் குளத்துத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அறிய யாரும் குளத்துக்குப் போவதில்லை. என்னைத்தான் கேட்பார்கள். நான் ஓட்டுகிற ஓட்டோவை மறிப்பார்கள். ஆள் ஏறப் போகிறது என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிறுத்துவேன். "தண்ணி எப்பிடியடா?" என்று கேட்டுவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு நடந்து போய்விடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாக ஒரு நாளும் தவறாமல் அந்தக் குளத்தில் குளிக்கிறவன் நான். தையில் தண்ணீர் கடிக்கும். காலை வைத்தவன் முதலில் கடவுளின் பெயரைச் சொல்லுவான், பிறகு வாயில் வராத பெயர்களையும் சொல்லுவான். பங்குனி, சித்திரையில் விடியப்புறம் இறங்கினால் எழும்ப மனம் வராது. வைகாசி, ஆனியில் பின்னேரத் தண்ணீர் ஆறின தேத்தண்ணி மாதிரி. மேலே மட்டும் அல்ல, அடிச் சேறு வரைக்கும் ஒரே சூடு, ஏனென்றால் அப்போது குளம் ஆழமில்லை. ஐப்பசி மழைக்குச் செம்மண் கரைந்து வரும், குளித்தால் உள்ளே போனதை விட ஊத்தையாகத்தான் வெளியே வரலாம். மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது என்னைத் தவிர ஒருவனும் இறங்க மாட்டான். அது வீரம் இல்லை. எங்கள் வீட்டுக் கிணறு உப்பு.

குளத்தின் நடுவில் ஒரு கல்லுத்தூண் நிற்கிறது. சாமிக்கல் என்போம். அதில் மூன்று கோடு வெட்டியிருக்கிறது. தண்ணீர் கீழ்க்கோட்டில் நின்றால் கல்லடியில் முழங்கால் ஆழம், நடுக்கோட்டில் நின்றால் இடுப்பளவு, மேல்கோட்டில் நின்றால் கழுத்தளவு. "கல்லு என்ன சொல்லுது?" என்று கேட்பதுதான் ஊர் வழக்கம். கல் சொன்னால் அது சரி. வருடம் முழுவதும் கரையோடு குளிக்கலாம், ஆனால் கல்லடிக்குப் போகக்கூடாது. ஆடியில் கோவில் தீர்த்தத் திருவிழாவன்று மட்டும், சாமிக்கு நேத்தி என்று வேண்டுதல் வைத்தவர்கள் படியில் இறங்கிக் கல்லடிக்குப் போய், கல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வருவார்கள். அந்த நாட்களில் கல் எப்போதும் நடுக்கோடுதான் சொல்லும். நீச்சல் தெரியாத கிழவிகளே நடந்து போய் முழுகிவிட்டு வந்திருக்கிறார்கள்.

போன வருடம் தீர்த்தம் முடிந்து குளம் வற்றிச் சேறானதும், மண் தோண்டுகிற பெக்கோ மிசின் வந்து ஆழமாக்கியது. ஊரே கரையில் நின்று பார்த்தது. கல்லைப் பெல்ற் போட்டுத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடுக்குளத்தைத் தோண்டித் தோண்டி மண்ணை உழவு மிசினில் ஏற்றினார்கள். திரும்பக் கல்லை நடப் போனபோது கோவில் தலைவர் கையைக் காட்டி மறித்தார்.

"சாமிக்கல்லு பள்ளத்துக்கை நிக்கிறதோ? ஊர் அழிஞ்சு போகும்."

அவர் சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது. தோண்டின அந்தப் பள்ளக் கிடங்கின் நடுவில் கொங்கிறீற்றில் உயரமாக ஒரு பீடம் கட்டி, அதன் உச்சியில் கல்லை நட்டு, ஐயர் மந்திரம் சொல்லி, எல்லோருக்கும் வடை கொடுத்தார்கள். நான் நான்கு வடை சாப்பிட்டேன். பழைய உயரத்திலேயே கல் நிற்கிறது என்று எல்லோருக்கும் சந்தோசம். பிறகு மழை வந்தது. குளம் நிரம்பிக் கிடங்கும் மறைந்தது, பீடமும் மறைந்தது. கல் மட்டும் முன்னைப்போல வெளியே நின்று, முன்னைப்போலவே சொல்லத் தொடங்கியது.

வைகாசியில் பிரான்சிலிருந்து அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, அத்தான் டிக்கெற் போட்டிட்டார். தீர்த்தத்துக்கு வாறாராம்."

"வரட்டன். நல்லதுதானே."

"என்ன நல்லது? நெஞ்சைத் திறந்து ஒப்பறேசன் செய்த மனுசன். கட்டில்லை கிடந்து கொண்டு நேத்தி வைச்சவராம், எழும்பினால் கல்லடியிலை மூண்டு முழுக்குப் போடுறனெண்டு. எனக்கு லீவு இல்லை. நீதான் பாக்கோணும். அவரைத் தண்ணிக்கை விட்டிடாதை, சொல்லிப்போட்டன்."

"சாமிக்கு வைச்ச நேத்தியை நான் என்னெண்டு மறிக்கிறது அக்கா?"

"நீ பொய் சொல்லுறதிலை விண்ணன். ஏதாவது சொல்லு."

அக்கா வாயால் கிடைத்த ஒரே பாராட்டு. அதை வீணாக்கக்கூடாது என்று நானும் வேலையைத் தொடங்கினேன். முதல் கிழமை அத்தானுக்குப் போன் எடுத்து, குளத்தில் முதலை வந்திருக்கிறது என்றேன். அவர் ஊரில் விசாரித்தாலும் என்று தேத்தண்ணிக்கடையிலும் அதையே சொல்லி வைத்தேன்.

"எந்தப் பக்கத்தாலை வந்தது? பஸ்ஸிலையோ?" என்றார்.

அடுத்த கிழமை அட்டை என்றேன். ஒப்பறேசனில் போன இரத்தத்தை விடவா என்றார். கடைசியாக, புதுவிதமான பாசி ஒன்று பிடித்திருக்கிறது, பட்டால் தலைமயிர் கொட்டுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அத்தானுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, சுத்த மொட்டை. ஆறுதலாகக் கேட்டார்.

"உன்ரை கொக்கா சொல்லித்தந்து விட்டவளோ, இல்லாட்டி உன்ரை சொந்தச் சரக்கோ?"

அதோடு என் வாயில் வருகிற எதையும் அவர் நம்பக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டார். அந்த முடிவை நானே என் கையால் கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆனியில் ஒரு பின்னேரம், சோழகக்காற்று நல்லாக அடித்துக்கொண்டிருந்தது. படியில் வைத்த என் சவர்க்காரப் பெட்டி காற்றுக்கு வழுக்கித் தண்ணீரில் விழுந்து, கப்பல் மாதிரி நடுக்குளத்துக்குப் போகத் தொடங்கியது. புதுச் சவர்க்காரம். ஒரு நாள்தான் போட்டது. கல்லடிக்குப் போகக்கூடாது என்பது நினைவில் இருந்தது, ஆனால் சாமிக்குச் சவர்க்காரத்தின் அருமை தெரியும் என்று சொல்லிக்கொண்டு நீந்தினேன். தண்ணீர் சொன்னபடியே இருந்தது, ஆறின தேத்தண்ணி. கல் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே சொன்னது. பெட்டிக்குக் கிட்டப் போனதும், இடுப்புக்கு மேலே ஒரு சாண்தான் இருக்கும் என்று காலை ஊன்றினேன்.

காலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

இன்னும் கொஞ்சம் நீட்டினேன். நெஞ்சு வரைக்கும் சூடு. தொடை இளஞ்சூடு. முழங்காலுக்குக் கீழே குளிர். மார்கழிக் குளிர் கூட இல்லை. பிறிஜ்ஜைத் திறந்து காலை உள்ளே விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வெளியே ஆனி வெயில் மண்டையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது, கீழே யாரோ என் பாதத்தைக் குளிர்ந்த கையால் தடவுகிற மாதிரி. சவர்க்காரத்தை விட்டுவிட்டு, வந்த வேகத்தை விட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பினேன். படியில் ஏறிக் குந்தியிருந்தபோது பல் அடித்தது. பெட்டி கல்லைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டு நின்றது.

ஆறப்போட்டு யோசித்தபோதுதான் பிடிபட்டது. வெயிலின் சூடு போகாத இடம் என்றால் ஆழமான இடம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் குளிராக வருவதும் அதனால்தானே. கல்லைப் பீடத்தில் ஏற்றினோம், அதைச் சுற்றிய நிலத்தைத் தோண்டி எடுத்துவிட்டோம். கல் இடுப்பளவு என்று சொல்லும்போது, அதன் காலடியில் இரண்டு ஆள் ஆழமாவது இருக்கும். கல் பொய் சொல்லுகிறது. ஊருக்குள் பொய்யன் என்று பெயர் எடுத்தவனுக்கு இது தெரிந்ததுதான் பெரிய கோதாரி.

தேத்தண்ணிக்கடையில் போய்ச் சொன்னேன். கல்லடியில் ஐஸ் மாதிரிக் குளிர் என்று சொல்லி முடிக்கவில்லை, கடைக்காரர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"போன மாசம் முதலை எண்டாய். அது குளிருக்குச் செத்திட்டுதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழக்கம். யாராவது சிரித்தால் எனக்கும் வாய் தானாக விரியும்.

கோவில் தலைவரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியது. எனக்கு நம்பிக்கை வந்தது.

"மெய்யாத்தான் சொல்லுறியோ? ஆனி வெய்யிலுக்கை கல்லடியிலை மட்டும் குளிருதோ?"

"சத்தியமா அண்ணை. கால் விறைச்சுப் போச்சு."

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"அப்பனே! பீடத்திலை ஏத்தின நேரம் ஊத்துத் திறந்திட்டியே!"

"அண்ணை, ஊத்தில்லை, கிடங்கு. நாங்கள் தோண்டினது."

"உனக்கென்னடா தெரியும், அஞ்சாம் வகுப்பு? கீரிமலையிலை கடலுக்குப் பக்கத்திலை நல்ல தண்ணி வருகுது, அதுவும் ஆரேன் தோண்டினதோ?"

அன்று இரவுக்குள் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. சாமிக்கல்லடியில் ஊற்றுத் திறந்திருக்கிறது, கோடையிலும் குளிர்கிறது, உடம்பு வருத்தம் எல்லாம் மாறுமாம். முதலாவதாகக் கண்டது யார் என்று கேட்டவர்களுக்கு என்னைக் காட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்ன ஒன்றை ஊர் நம்பியது. அதையும் தலைகீழாக நம்பியது. வழக்கமாக ஆடியில் நேத்திக்காரர் கொஞ்சப் பேர்தான் வருவார்கள். இந்த முறை நேத்தியே இல்லாதவர்களும், முழங்கால் வருத்தக்காரரும், மூச்சு இழுப்புக்காரரும் கல்லடிக்கு வரப்போவதாகக் கதைத்தார்கள். மாடு குளிப்பாட்ட வருகிறவர் மட்டும் ஒரு நாள் என்னிடம் வந்து, முன்பெல்லாம் நடுக்குளம் வரைக்கும் போகிற எருமைகள் இந்த வருடம் கரையை விட்டு நகரவில்லை என்றார். அவரும் அதை ஒரு அதிசயமாகத்தான் சொன்னார்.

அத்தான் தீர்த்தத்துக்கு நாலைந்து நாள் முந்தி வந்து இறங்கினார். ஓட்டோவில் ஏறினதும் முதல் கேள்வியே ஊற்றைப் பற்றித்தான்.

"பாத்தியே, நான் நேத்தி வைச்ச வருசம் ஊத்துத் திறந்திருக்கு."

"அத்தான், அம்மாளாணை, அது ஊத்தில்லை. ஆழம். நிலம் தட்டாது."

"முதலை இருக்கோ?"

"இல்லை."

"அப்ப அது முதல் பொய்யெண்டு ஒத்துக்கொள்ளுறாய். இது நாலாவது."

வீட்டில் அவர் சேட்டைக் கழற்றியபோது நெஞ்சில் மேலிருந்து கீழே தையல் தழும்பைப் பார்த்தேன். பூரான் ஒன்று படுத்திருக்கிற மாதிரி. சூட்டிலிருந்து ஒரேயடியாக அந்தக் குளிருக்குள் போனால் அந்த நெஞ்சு என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்தேன். குடத்தில் தண்ணீர் மொண்டு படியில் இருந்தே ஊற்றலாம், ஐயரும் சம்மதிப்பார் என்று சொல்லிப் பார்த்தேன். "உயிரைத் தந்தவனுக்குக் குடக்கணக்கோ?" என்றுவிட்டார். இரவிரவாக அக்காவிடமிருந்து போன். "என்னடா, மறிச்சுப்போட்டியோ?" நான் மறித்துவிட்டேன் என்று அக்காவுக்கும் ஒரு பொய் சொன்னேன். அது ஐந்தாவது.

தீர்த்தத்தன்று காலை குளத்தின் நாலு பக்கமும் சனம். மேளம், நாதஸ்வரம், ஒலிபெருக்கியில் தலைவரின் குரல், ஊற்றின் பெருமை. காற்று நின்று போயிருந்தது. தண்ணீர் அசையாமல், எண்ணெய் ஊற்றிவிட்ட மாதிரிக் கிடந்தது. கல் அளந்து வைத்தது போல நடுக்கோடு சொன்னது. படியில் காலை வைத்துப் பார்த்தேன், தேத்தண்ணிதான்.

சாமி தீர்த்தமாடி முடிவதற்கு முன்னமே நான் மற்றப் பக்கத்தால் தண்ணீரில் இறங்கிவிட்டேன். கையில் மூடி இறுக்கின வெறும் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கான், மஞ்சள் நிறம், சின்னப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து நீச்சல் பழகுகிறது. கரையில் கூச்சல் எழும்பியது.

"எடேய், கலியாணம் கட்டிப் பேரப்பிள்ளை காணுற வயசிலை நீச்சல் பழகுறானடா!"

"விடுங்கோ, அவன் முதலைக்குச் சாப்பாடு கொண்டு போறான்!"

போய்க் கல்லின் கழுத்தைக் கட்டிப்பிடித்தேன். என் சவர்க்காரப் பெட்டி எங்கும் இல்லை. கல்லடியில் பீடத்தின் விளிம்பு காலில் பட்டது. ஒரு சாண் அகலம்தான், பாசி பிடித்து வழுக்கியது. அதற்கு அப்பால் காலை நீட்டினேன். அங்கே அந்தக் குளிர் இருந்தது. ஆனியில் இருந்ததை விடக் கூடுதலாக. என்னைக் காத்துக்கொண்டு நின்ற மாதிரி.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று அத்தானுக்கு முதல் மரியாதை. மாலையோடு படியில் இறங்கினார். அவருக்குப் பின்னால் படி நிறையச் சனம், எல்லோர் கண்ணும் கல்லில். அத்தான் மெதுவாக நீந்தி வந்தார். என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"விலகு. என்ரை நேத்திக்குள்ளை நீயென்ன கோமாளிக்கூத்து ஆடுறாய்?"

"அத்தான், இந்தக் கானை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு முழுகுங்கோ. உங்கடை காலைக் கும்பிடுறன்."

அவர் கல்லைப் பிடித்தார். காலை ஊன்றினார். கால் பீடத்தின் விளிம்பில் பட்டு நின்றுவிட்டது. தண்ணீர் சரியாக அவருடைய இடுப்பில். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு வடிவான சிரிப்பை நான் அவரிடம் முன்பு கண்டதில்லை.

"நிலம் தட்டாதெண்டாய். இதென்ன, மண்டையோ?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டார். கரையில் அரோகரா எழும்பியது. எழும்பி, இரண்டாவது முழுக்குக்கு இடம் போதாதென்று ஒரு அடி பின்னால் வைத்தார்.

சத்தமே வரவில்லை. சத்தம் போட்டு விழுந்திருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும். நீந்தத் தெரிந்த மனுசன்தான், ஆனால் அந்தக் குளிர் கையையும் காலையும் கட்டிவிட்டது போல. இருந்த இடத்தில் மாலை மட்டும் மிதந்தது. கரையில் அது இரண்டாவது முழுக்கென்று நினைத்து இன்னொரு அரோகரா போட்டார்கள்.

நான் கானை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு காலால் தேடினேன். சூடு, இளஞ்சூடு, குளிர். குளிருக்குள் எதுவும் இல்லை. தலையை உள்ளே விட்டு இன்னும் கீழே காலை நீட்டினேன். கான் மேலே இழுத்தது. அந்த நேரம் என் கணுக்காலை ஒரு கை பிடித்தது. பிடி என்றால் அப்படி ஒரு பிடி. பிறகு மற்றக் கை. தென்னையில் ஏறுகிறவன் மாதிரி அத்தான் என் உடம்பைப் பிடித்துப் பிடித்து ஏறினார். போகிற வழியில் நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையும் கொண்டு போனார். நாங்கள் இருவரும் கானோடு மேலே வந்தபோது, ஊரும் சாமியும் பார்க்க, என் உடம்பில் ஓட்டை விழுந்த ஒரு உள்ளாடை மட்டும்தான் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஏதோ செய்து ஊர் சிரிக்காமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

படியில் கிடத்தினார்கள். ஆடி வெயிலில் அத்தானின் உதடு நீலம். துவாய் மேல் துவாயாகப் போர்த்தினார்கள். வெகுநேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல் மெதுவாகச் சொன்னார்.

"கீழை நிலமே இல்லை. குளிர்தான் இருக்கு."

ஒலிபெருக்கி நின்றது. படியில் நின்ற சனம் ஒவ்வொருவராக ஏறிப் போனது. அன்றைக்கு வேறு யாரும் கல்லடிக்குப் போகவில்லை. முழங்கால் வருத்தக்காரர் எல்லாம் வருத்தம் மாறினவர் மாதிரி வேகமாக நடந்தார்கள்.

கூட்டம் வைத்தார்கள். தலைவர் அழுதார், பாவம். கல்லைப் பீடத்திலிருந்து இறக்கிக் கிடங்கை மூடுவது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் தண்ணீருக்குள் பெக்கோ இறங்காது. குளம் வற்றட்டும், வற்றினதும் முதல் வேலை அதுதான் என்று முடிவானது. நானும் கையைத் தூக்கினேன். ஆவணி போனது. புரட்டாதியில் தண்ணீர் கல்லின் அடி வரைக்கும் இறங்கியது, பீடத்தின் உச்சி பல்லின் அடியில் ஈறு தெரிகிற மாதிரி வெளியே வந்தது. அதோடு நின்றுவிட்டது. வற்றவில்லை. வற்றாமல் இருப்பதற்குத்தானே ஆழமாக்கினோம். ஐப்பசியில் மழை கொட்டியது. கரையில் "ஆழம், அவதானம்" என்று ஒரு பலகை நட்டார்கள். அதில் இப்போது துணி காயப்போடுகிறார்கள்.

இப்போது மார்கழி. வாடை அடிக்கிறது. கல் மேல்கோடு சொல்லுகிறது, கழுத்தளவாம். இன்று காலை படியில் குந்தியிருந்து காலை விட்டுப் பார்த்தேன். கடிக்கிறது. கரையோடு கொஞ்சத் தூரம் நீந்திப் பார்த்தேன், அங்கேயும் அதே கடி. மேலே குளிர், கீழே குளிர். கோடையில் என்றால் கிடங்கு எங்கே தொடங்குகிறது என்று என் கால் சொல்லிவிடும். இப்போது அது ஊமை. எனக்கு இருந்த ஒரே படிப்பும் போய்விட்டது.

ஏறி வந்து துவாயால் துடைத்துக்கொண்டிருக்கும்போது அத்தானின் போன். அக்காவும் பின்னால் கத்துவது கேட்டது.

"தம்பி, தைக்கு நாங்கள் ரெண்டு பேரும் வாறம். மூண்டு முழுக்கிலை ஒண்டுதானே போட்டனான். ரெண்டு பாக்கி. நித்திரை வருகுதில்லையடா."

"தீர்த்தத்துக்குத்தானே அத்தான் கல்லடிக்குப் போறது?"

"ஐயரிட்டைக் கேட்டிட்டன். பாக்கி எண்டால் போகலாமாம். சரி, இப்ப தண்ணி எப்பிடி?"

"குளிருது."

"எங்கை, கல்லடியிலையோ?"

"இல்லை அத்தான். எல்லா இடமும் ஒரே மாதிரித்தான்."

அந்தப் பக்கம் அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"கல்லடியிலை மட்டும் இல்லையே? அப்பாடா. அப்ப குளம் சரியாப் போச்சு."